உளுந்து விதையும் பயறு வண்டும்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களில், சம்பா அறுவடைக்கு ஏழு அல்லது பத்து நாட்களுக்கு முன்னரே, நிற்கும் நெல்லினூடே ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது வழக்கம். பங்குனி, சித்திரையில் கண்டுமுதலாகும் இவற்றின் விதை, அடுத்த தை மாதம் வரையில், ஏறக்குறைய ஒன்பது மாதம், வண்டுக்குத் தப்பியிருத்தல் வேண்டும். பயறு விதைகளில் பூச்சியின் ஜீரணத்தைத் தடுக்கும் புரதம் இயற்கையாகவே உண்டு. அப்படியிருக்க, வண்டு விழுவானேன் என்று குடியானவர்கள் வினவுவது நியாயமே.

புழு பூச்சிகளின் குடலில் புரதத்தை அறுத்துக் கரைக்கும் நொதிகள் சுரக்கின்றன. அவற்றுள் டிரிப்ஸின் முக்கியமானது. சோயா மொச்சையிலுள்ள டிரிப்ஸின் தடைப் புரதத்தைக் குனிட்ஸ் என்னும் அறிஞர் 1945-ல் படிகமாகப் பிரித்தெடுத்தார். இப்புரதம், பூட்டின் துவாரத்தில் முறிந்த சாவி சிக்கினாற்போல, நொதியின் வாயில் பொருந்தி நின்றுவிடும். தின்ற இரை உடம்பில் சேராமல் புழு மெலியும். தக்காளி இலையைப் பூச்சி கடித்தால் செடி இத்தடைப் புரதத்தை அதிகமாகச் செய்துகொள்ளும் என்பது 1972-ல் தெரியவந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. தனித்த டிரிப்ஸின் சூட்டில் உருக்குலையும். தடைப் புரதம் பற்றிய டிரிப்ஸினோ அதிலும் மிகுந்த சூட்டைத் தாங்கும். மாட்டின் டிரிப்ஸினையும் சோயாப் புரதத்தையும் கொண்டு 1975-ல் இது காட்டப்பட்டது. இறுகப் பற்றிய இரு புரதங்கள் ஒன்றையொன்று குலையாமல் நிறுத்துகின்றன. ஆகவே, சூட்டைத் தாங்கிய நொதி வேலை செய்யும் என்று கொள்ளலாகாது. அது கட்டுண்டு கிடப்பதே அதன் உறுதிக்குக் காரணம்.

பயறு வண்டின் புழுவோ வேறு சாதி. அதன் குடல் சற்றுப் புளிப்பானது. புரதத்தைக் கரைக்கப் பெரும்பாலும் டிரிப்ஸின் அல்லாத வேறு இன நொதிகளையே அது உபயோகிக்கிறது. டிரிப்ஸின் தடைப் புரதம் அவற்றைப் பற்றாது. துவரையைக் கெடுக்கும் காய்ப்புழு இன்னும் தந்திரமுள்ளது. தடைப் புரதம் உள்ள இரையைத் தின்னுங்கால், அதற்கு வசப்படாத நொதிகளைச் சுரந்துகொள்கிறது. எனவே விதையின் இயற்கைக் காப்பை மட்டும் நம்பியிருப்பது வீண்.

பயறு வண்டு வயலிலேயே முற்றிய காயின்மேல் முட்டையிடும். ஆதலால் காய்களைக் காலத்தில் பறித்து, விதையைப் பத்துச் சதவீத ஈரத்துக்கு வெயிலில் காயவைத்தல் முதற்காரியம். வெயிலுக்குத் தடைப் புரதம் அழிந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். உலர்ந்த விதையில் அது எளிதில் கெடாது. வெகுநேரம் நீரில் வேகவைத்தாலே பெரும்பாலும் அடங்கும். காய்ந்த விதை 100 கிலோவுக்கு, ஊக்குவிக்கப்பட்ட களிமண் 1 கிலோ, அல்லது வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் 3 கிலோ கலந்து, பழைய கோணியை ஒதுக்கிப் புதுக் கோணியில் கட்டி வைக்கவும்.