மழலையருக்கேற்ற கைத்தறிப் பைஜாமா

குழந்தையின் இரவு உடைக்கு அழகினும் சௌகரியமே முதன்மையானது. கைத்தறிப் பருத்தித்துணி முதற்சலவையில் சுருங்கும் இயல்புடையது. தைத்த பின்னர்ச் சுருங்கினால் பழி தறிக்கே வந்து சேரும். ஆதலின், துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, உலர்த்திய பின்னரே வெட்டுதல் வேண்டும். பாவு நூல் காலின் நீளவாட்டில் அமைக.

குழந்தையின் இருக்கைச் சுற்றளவு 21 அங்குலமெனக் கொள்வோம். தளர்வுக்காக 5 அங்குலம் கூட்டி இரண்டாகப் பகுத்தால், ஒரு காலுக்கு 13 அங்குல அகலம் வரும். தையலுக்கு 1 அங்குலம் தனியே விடுக. குழந்தை ஓயாது குந்தியெழுவதால், பின்னிடுப்பு முன்னிடுப்பினும் 1 அங்குலம் உயர்ந்திருத்தல் அவசியம். இன்றேல் குனியுந்தோறும் உடை கீழிறங்கும். காலிடைத் தையலைப் பிசிறு வெளித்தெரியாவாறு மடித்து, இருமுறை தைத்தால் மென்தோலில் உராயாது. கீழ்மடிப்பில் 2 அங்குலம் விட்டால், குழந்தை வளருங்கால் பிரித்து நீட்டலாம்.

இடுப்புக்கு நாடா வேண்டா. தொங்கும் நாடா எதிலேனும் சிக்கக்கூடும். இடுப்பளவினும் 1 அங்குலம் குறைவான எலாஸ்டிக்கே போதுமானது. காலையில் உடையைக் களையும்பொழுது வயிற்றில் அழுந்திய தடம் காணின், தாய்மார்கள் அதனை உடனே தளர்த்துவார்களாக.