தீனி கழிக்கும் குதிரையின் போஷணை
ஓட்டத்தில் சுறுசுறுப்பான குதிரை தீனியை முகர்ந்துவிட்டு விலகி நின்று இளைக்குமாயின், உடையவர் பெரும்பாலும் கொள்ளின் அளவையே கூட்டுவர். முதலிற் பார்க்கவேண்டியது வாயையே. கடைவாய்ப் பற்களின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தை அறுத்தால், பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே விழும். கால்நடை மருத்துவர் அப்பற்களை அராவினாலன்றி எத்தீனியும் பயன்படாது. குடற்புழுவையும் அவரே சோதிப்பார்.

குதிரையின் இரைப்பை சிறிது; வாந்தியெடுக்கவும் அதற்கு இயலாது. ஆகையால் ஒருவேளையிற் குவிப்பதினும் நாளைக்கு 4 வேளை சிறுகச் சிறுக வைத்தல் நன்று. 300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு ஈரம் நீங்கலாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 கிலோ ஆகாரம் வேண்டும். அதிற் பெரும்பகுதி புல்லாதல் அவசியம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழி வந்த குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்து இட்டதையும், அவை திரளாக மடிந்ததையும் எழுதியிருக்கிறார். புல் தின்னும் பிராணிக்கு இறைச்சிச்சோறு!

நெல் விளையும் சுசீந்திரத்தில் வைக்கோல் எளிதிற் கிடைக்கும். ஆனால் அது வயிற்றை நிரப்புமேயன்றி ஊன் வைக்காது. வரப்பிலுள்ள அறுகம்புல்லை மண் போக அலசி முதலில் இடுக. கொள்ளை ஊறவைத்து வேகவைத்துப் பின்னர்க் கொடுக்கலாம். தவிட்டை மிகுதியாகச் சேர்க்கலாகாது. அதில் பாஸ்பரஸ் மிகுந்து சுண்ணாம்புச்சத்துக் குறைந்திருப்பதால் நாளடைவில் எலும்பு கெடும். கடுமையாக உழைக்கும் குதிரைக்குக் கொள்ளுடன் சிறிது கடலையெண்ணெய் கலக்கலாம். எந்தப் புதுத்தீனியையும் 10 நாட்களில் மெல்லப் பழக்குக. உப்பும் தெளிந்த நீரும் எப்பொழுதும் எட்டும்படி இருக்கட்டும். வாரந்தோறும் ஒரு கயிற்றால் மார்புச் சுற்றளவை அளந்து வருக. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டும் கண்ணுக்குத் தெரியாமலும் இருப்பதே தக்க நிலை.