முதல் ஒரு ஜிபியை நம்பாதீர்கள்

வெருகல் கோவில் திருவிழாவை நாள் முழுக்க வீடியோ எடுத்தால் அறுபது, எழுபது ஜிபி எளிதில் சேர்ந்துவிடும். ஈச்சிலம்பற்றில் அதை ஒரு மலிவான எஸ்எஸ்டிக்கு ஏற்றுகிறவர், தொடக்கத்தில் பறக்கும் வேகம் பாதிவழியில் படுத்துவிடுவதைப் பார்த்திருப்பார். அளக்க வேண்டியது அந்தப் படுத்த வேகத்தைத்தான். பலர் அளப்பதோ பறக்கும் வேகத்தை.

காரணம் சிக்கலானதல்ல. இன்றைய எஸ்எஸ்டிகளில் ஒரு செல்லுக்குள் 3 அல்லது 4 பிட்டுகளைத் திணிக்கிறார்கள். அப்படி எழுத நேரம் பிடிக்கும். அதனால் செல்களில் ஒரு பகுதியை ஒதுக்கி, செல்லுக்கு ஒரே பிட்டாக முதலில் அதில் வேகமாக எழுதிக்கொள்கிறது டிரைவ். இதுதான் கேஷ். அது நிரம்பியதும் சாயம் வெளுக்கிறது. டிரைவ் நிறைய நிறைய இந்தக் கேஷும் பெரும்பாலான டிரைவ்களில் சுருங்கும் என்பதால், வெறும் டிரைவில் எடுத்த எண் முக்கால்வாசி நிரம்பிய டிரைவுக்குப் பொருந்தாது.

2021 ஆகஸ்டில் வெளிவந்த விஷயம் இது: வெஸ்டர்ன் டிஜிட்டலின் புளூ எஸ்என்550 டிரைவில் நினைவகச் சில்லு மாறியிருந்ததைச் சீன விமர்சகர்கள் கண்டுபிடித்தார்கள். கேஷ் நிரம்பியபின் எழுதும் வேகம் விநாடிக்கு 610 மெகாபைட்டிலிருந்து 390க்கு இறங்கியிருந்தது. பெயர் அதே பெயர். மாற்றத்தை நிறுவனமும் ஒப்புக்கொண்டது. வேகம் அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் மென்பொருளைத் திறந்து அப்படியே ஓட்டினால் 1 ஜிபி கோப்பைத்தான் 5 தடவை சோதிக்கும்; அது கேஷுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் பழைய சில்லும் புதிய சில்லும் ஒன்றுபோலவே தேறும். ஆகவே சோதனைக் கோப்பைப் பெரிதாக்குங்கள், அல்லது ஐம்பது ஜிபிக்கு மேல் நிஜ வீடியோவைக் கொப்பி பண்ணி, கடைசிப் பகுதியின் வேகத்தைக் குறியுங்கள். அந்த வீடியோ, சோதிக்கப்படும் டிரைவைவிட வேகமான டிரைவிலிருந்து வர வேண்டும். பழைய ஹாட்டிஸ்க்கிலிருந்து கொப்பி பண்ணினால் நீங்கள் அளப்பது ஹாட்டிஸ்க்கைத்தான்.

லினக்ஸ்காரர்களுக்கு வேறொரு பொறி. தரவைப் படியெடுக்கும் டிடி கட்டளையை வெறுமனே கொடுத்தால் தரவு முதலில் ரேமில் போய் உட்காரும். திரையில் தெரிவது ரேமின் வேகம். லினக்ஸ் கெர்னலில் பணியாற்றும் ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய எஃப்ஐஓ கருவியில் 'டைரக்ட்' என்ற தெரிவை 1 என வைத்தால் இந்த மயக்கம் தீரும்.

அடுத்தது சூடு. கச்சான் வீசும் மாதங்களில், தகரக் கூரையின் கீழே, என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி 70 பாகை செல்சியஸைத் தாண்டுவது பெரிய காரியமல்ல. ஓரளவுக்கு மேல் சூடானால் அது தன்னைக் காக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையிலும் மத்தியானத்திலும் அளந்து பாருங்கள். நான் நம்புவது மத்தியான எண்ணை.

யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் எந்த எஸ்எஸ்டியும் விநாடிக்கு 40 மெகாபைட் அளவில்தான் ஓடும். மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டே சோதியுங்கள். விண்டோஸ் ஏற்றத்தான் டிரைவ் என்றால், கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கில் மேல் வரிசையின் பெரிய எண்ணை விட்டுவிட்டு, சிறு துண்டுகளைச் சோதிக்கும் 4கே வரிசையைப் பாருங்கள்.

விற்பவர் வேகம் சொன்னால், எத்தனை ஜிபி எழுதிப் பார்த்தது, டிரைவ் எவ்வளவு நிரம்பியிருந்தது, எந்தத் துளையில் செருகியது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.