“எப்படி வந்துச்சு?” என்று கேட்க நேரம் எங்கே?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்கு, ஐந்து என இரண்டு வகுப்புகளுக்கும் நான் ஒருத்திதான். காரணம் சொல்லுதல், பல வழிகளில் தீர்த்தல், விளக்கிப் பேசுதல் என்று கணிதச் செயல்முறைத் திறன்களையும் வளர்க்கச் சொல்கிறார்கள். ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சி நூலை முடிக்கவே நாள் போதவில்லை. இதற்கு எங்கே போவது நேரத்துக்கு?
– ஓர் ஆசிரியை, ஆலங்குடி வட்டம்

பதில்: தனியாக நேரம் ஒதுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஒரு பீரியடை இதற்கென்று வைத்தால், மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் பழையபடி பார்த்து எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். நூலில் உள்ள கணக்கே போதும்.

52-இல் 27 போனால்? ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. சுழித்துவிட்டுக் கடன் வாங்கும் முறையை மறுபடி நடத்தத்தான் கை போகும். அதற்கு முன்னால், “எப்படி வந்துச்சு?” என்று கேளுங்கள். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு” என்று வரும். இது கவனக்குறைவு அல்ல. ‘பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி’ என்று நாம் சொன்னதைத்தான் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. “சரி, 35-ஐயும் 27-ஐயும் கூட்டிப் பாரு” என்றால் 62 வரும். தப்பை அதுவே பிடித்துவிடும். ஆன நேரம் இரண்டு நிமிடம்.

சரியாக 25 போட்ட பிள்ளையிடமும் அதையே கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், டீச்சர் ‘எப்படி’ என்றாலே விடை தப்பு என்று வகுப்பு புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்ளும். “27-லேர்ந்து 30-க்கு மூணு, அங்கேர்ந்து 52-க்கு இருபத்திரண்டு” என்று ஒரு பிள்ளை சொன்னால், பலகையில் எழுதுங்கள். அது கடைக்காரர் சில்லறை கொடுக்கும் வழி.

பிரேசிலில் தெருவில் விற்கும் சிறுவர்களை வைத்து 1985-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பிரபலம். விற்கிற இடத்தில் அவர்கள் கணக்கு ஏறக்குறைய 98 சதவீதம் சரி. அதே கணக்கை எண்ணும் குறியுமாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். நம் ஊர்ச் சந்தைக்குப் போய்வரும் பிள்ளைகளும் இப்படித்தான் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் வகுப்புக்கு ஓர் உள்ளூர்க் கணக்கு. அந்தக் காலத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு 20 சேர்ந்தால் ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய். அப்படியானால் ரூபாய்க்கு எத்தனை காசு? சிலர் 16-ஐ 20-ஆல் பெருக்குவார்கள். சிலர் அரை ரூபாய்க்கு 160 என்று கண்டு இரட்டிப்பார்கள். விடை 320 என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். யார் வழி சுருக்கம் என்று அவர்களே வாதாடட்டும். காசு கிடைத்தால் கையில் கொடுங்கள், இன்னும் நல்லது.

பத்துக் கணக்கில் எட்டை அவரவர் நோட்டில் போடட்டும். இரண்டை மட்டும் பேசித் தீர்க்க வையுங்கள். இரண்டு வகுப்பு ஒரே அறையில் இருப்பது இதற்கு வசதிதான்: நான்காம் வகுப்பு சொல்லட்டும், ஐந்தாம் வகுப்பு “எப்படி?” என்று கேட்கட்டும். நாளைய கழித்தல் பாடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.