கல்யாண காண்டிராக்ட் எடுக்கப் போகிறீர்களா?

நீடாமங்கலம் பக்கம் விசேஷங்களை எடுத்து நடத்தும் தொழிலில் இறங்க ஆசையா? முதலில் ஒரு பந்தல்காரரிடமோ சமையல் மாஸ்டரிடமோ வைகாசி முகூர்த்த சீசன் முழுக்கக் கூடவே நில்லுங்கள். விசிட்டிங் கார்டு அப்புறம் அடிக்கலாம்.

தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர் இது. மேளம் சுமார் என்றால் பந்தியிலேயே பேச்சாகிவிடும். தேதி குறித்த கையோடு நாதஸ்வர செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டை 'இலைக்கு இவ்வளவு' என்று பேசினால், இலையை எண்ணுவது யார் என்பதையும் பேசுங்கள். கணக்குத் தகராறு பெரும்பாலும் அங்கேதான். ஒவ்வொரு பந்தி எழுந்ததும் எண்ணிக்கையை நோட்டில் எழுதி, வீட்டுக்காரர் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் வாங்கலாம் என்று விட்டால் கதை கந்தல்.

ரயில்வே கேட் மூடியிருந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும்; அதைத் தாண்டி வரும் பூ, ஐஸ் வண்டிகளுக்கு இரண்டு மணி நேரம் முன்கூட்டியே நேரம் சொல்லுங்கள்.

இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் மைக்செட் கூடாது.

சிறு தொழில்களுக்கான அரசின் 'உத்யம்' பதிவு ஆன்லைனில் இலவசம். அதற்குப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

ஆடியில் கல்யாணம் இருக்காது. அப்போது அம்மன் கோயில்களில் பந்தல், சீரியல் லைட் வேலை கேட்டுப் பாருங்கள்.