முண்டைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்வது எப்படி?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் நடப்பவர்கள், வயதான மரங்களின் அடியில் புடைத்து நிற்கும் முண்டுகளைப் பார்த்திருப்பார்கள். மரம் சாய்ந்தால் முண்டு விறகுத் தொட்டிக்கோ கடைசல் பட்டறைக்கோ போய்ச் சேரும். பட்டை உரிந்து வெறும் உருண்டையாகக் கிடக்கும்போதுதான் இது என்ன மரம் என்ற கேள்வி வருகிறது. எடுத்துப் பார்ப்பவரின் கண் நேராகச் சுழல் ரேகைக்குப் போகும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. முண்டில் மிக அழகான இடம்தான் மரத்தை அடையாளம் சொல்ல மிகவும் தகுதியற்ற இடம்.

மரத்தை அறிவது அதன் நீர்க்குழல்களின் அமைப்பை வைத்து. குறுக்குவெட்டில் அவை சிறு துளைகளாகத் தெரியும். தண்டில் குழல்கள் நேராக ஓடுவதால் துளைகளின் ஒழுங்கு தெளிவாக இருக்கும். முண்டிலோ மொட்டுகள் நெருங்கி முளைத்து அடங்குவதால் நார் திசைமாறிச் சுழல்கிறது. ஒரே வெட்டில் ஓரிடம் குறுக்காகவும் பக்கத்து இடம் நெடுக்காகவும் அமையும். கசங்கிய சேலையில் கரையின் வேலைப்பாட்டைப் படிப்பது போன்ற வேலை அது. எடையும் உதவாது, ஏனென்றால் முண்டு பெரும்பாலும் அதே மரத்தின் தண்டைவிட அடர்த்தியானது.

எனவே முதல் வேலை, முண்டு தண்டோடு ஒட்டியிருந்த பக்கத்தைத் தேடுவது. அங்கே நேரான நார் ஒரு விரலளவு மிஞ்சியிருந்தால் போதும். பட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தால் சுரண்டி எறியாமல் எடுத்து வையுங்கள். எங்கே நின்ற மரம், வயல் வரப்பா, வீட்டுத் தோட்டமா, சாலையோரமா என்று விசாரித்தாலே பட்டியல் பாதியாகக் குறையும்.

அடுத்து, அந்த நேரான பகுதியின் குறுக்குமுகத்தை நனைத்து, புது பிளேடால் ஒரு சென்டிமீட்டர் சதுரம் மெல்லியதாகச் சீவுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், தூள் துளைகளை அடைத்துவிடும். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். வாகையில் துளைகள் பெரியவை; ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம் வெறும் கண்ணுக்கே தெரியும், அறுத்தால் தூள் தும்மலைக் கிளப்பும். வேம்பில் செம்பழுப்பு வைரம் (நடுமரம்), சில துளைகளில் பிசின், குறுக்கே மெல்லிய வெளிர்கோடுகள். புளியில் மஞ்சள் கலந்த வெளிறிய பகுதி அகலமாகவும் வைரம் சிறிதாக, கருஞ்சிவப்பாகவும் இருக்கும். வேங்கை என்று சந்தேகம் வந்தால் சீவலை டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் பாருங்கள், நீலச் சாயல் மினுங்கும்.

அனுபவமுள்ள ஆசாரி மோந்து பார்த்தே சொல்லிவிடுவாரே என்பார்கள். உண்மைதான், ஆனால் அவர் பழகியது பெரும்பாலும் புதிதாக அறுத்த நேர்மரத்தோடு. ஆண்டுக்கணக்கில் காய்ந்த முண்டில் மேல்வாசனை போய்விடும். உள்ளே புதிதாகச் சீவிய பிறகு அவர் மூக்கை நம்பலாம். நிறம் இன்னும் மோசமான சாட்சி. வெயிலும் எண்ணெயும் அதை மாற்றும். கறுப்பாக இருப்பதெல்லாம் கருங்காலி என்று விற்கும் சந்தையில் இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. மரத்தை அடையாளம் சொல்லும் செல்போன் செயலிகளும் மேற்பரப்பைத்தானே படமெடுக்கின்றன?

நேரான நாரே மிஞ்சாத முண்டு என்றால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. மொட்டுகள் அடங்கிய கண்போன்ற புள்ளிகளுக்கு இடையே ஓரளவு நேராக ஓடும் சிறு திட்டுகள் கிடைக்கலாம். அவற்றில் மூன்று நான்கைச் சீவி ஒப்பிடுங்கள். அப்போதும் சில சமயம் வாகையா தூங்குமூஞ்சியா என்ற அளவில்தான் விடை நிற்கும். அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது, ஊகித்துப் பெயர் சூட்டுவதைவிட நேர்மையானது. உறுதி வேண்டுமென்றால் பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் மாதிரியைப் பார்த்து இனம் சொல்லும்.

விலைக்கு வாங்குபவர் பணம் கொடுக்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் அது அனுமதி வேண்டிய மரமாக இருக்கலாம். சந்தனத்துக்குப் பேர்போன ஜவ்வாது மலை இதே திருவண்ணாமலை மாவட்டத்திலும் பரவியிருக்கிறது. சந்தனம், செம்மரம் இரண்டையும் அனுமதியில்லாமல் கொண்டுபோவது குற்றம். ஈட்டியைக் காக்க 1994இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நிற்கும் மரத்திலிருந்து முண்டை மட்டும் அறுத்தெடுப்பதோ அந்த மரத்தில் பெரும் புண்ணை உண்டாக்கும், அதன் வழியே பூஞ்சை நுழையும். விழுந்த மரத்தின் முண்டு போதும். அதையும் எங்கே, யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.