அழுகையும் மிட்டாயும்

கேள்வி: எங்கள் மூன்று வயதுப் பேரன் களியக்காவிளைச் சந்தையில் மிட்டாய் கேட்டுத் தரையில் புரண்டு அழுகிறான். கொடாவிட்டால் அழுகை வலுக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, பாறசாலை

பதில்: வலுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம், இதுகாறும் கிட்டிய பலன் திடீரென்று நின்றுபோனால், பழக்கமானது ஒடுங்குமுன் ஒருமுறை உக்கிரமாய் எழுவதுண்டு. 1959-இல் அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் வில்லியம்ஸ் பிரசுரித்த விவரப்படி, பெற்றோர் அருகிலிராவிடில் உறங்க மறுத்து வீறிட்ட 21 மாதக் குழந்தையொன்று, தேக சுகத்தில் குறைவில்லையென்று வைத்தியர் கூறியபின் அழுகைக்குச் செவிசாய்க்காது விடப்பட்ட முதல் தடவை 45 நிமிஷம் கதறி, பத்தாம் தடவை சிரித்தபடியே விடைகொடுத்தது. ஆயினும் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து அத்தை இரக்கப்பட்டு உள்ளே திரும்பிச் சென்றமையால், சகலமும் ஆதியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. (அந்த அத்தையைப் பழிக்க எனக்கு மனமில்லை, நம் திண்ணைகளில் அவரைப் போன்றோர் அநேகர்.) ஒன்பது முறை மறுத்துப் பத்தாம் முறை இணங்குவதுதான் பிடிவாதத்தை வேரூன்றச் செய்யும் என்பது உளவியலறிஞர் ஸ்கின்னர் முதலானோரின் பரிசோதனைகளில் புலப்பட்ட உண்மை. ஆகவே தாத்தா உட்பட வீட்டார் யாவரும் ஒரே சொல்லில் நில்லுங்கள். அவன் வாயால் நயமாகக் கேட்கும்போது, தாமதியாது மெச்சுங்கள், மிட்டாயையும் கொடுங்கள். தலையை மோதிக்கொண்டாலோ, பேச்சே பிந்தியிருந்தாலோ, வீட்டு வைத்தியம் போதாது. திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள ‘நிஷ்’ என்னும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் காட்டுங்கள்.